கவிழ்த்து வைத்த ரொட்டி

இயேசு மரி சூசை துணை

புதுச்சேரி, 1937 பிப்ரவரி 10

அன்புள்ள தம்பி தனிஸ்லாசுக்கு அக்கா ரோசாவின் ஆசீர்வாதம்.

என் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்தை நீ ஏடனிலிருந்து போட்ட கடிதத்தில் தேடினேன். கப்பல் சாப்பாட்டைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது, உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. இனி முதலில் உடம்பை எழுது, பிறகு சாப்பாட்டை எழுது.

தறிப் பகுதிக்கும் நூல் சுற்றும் பகுதிக்கும் தலைமை மேஸ்திரியான உன்னை, புதுத் தறிகள் ஒழுங்காகச் செய்யப்படுகின்றனவா என்று பார்க்க மில் துரை ஸ்காட்லாந்துக்கே அனுப்பியிருக்கிறார் என்று கோயில் வாசலில் எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாதது போல.

நீ போன பிறகு உன் நூல் சுற்றும் பகுதிப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுத்துவிட்டு வரப் பகலில் இரண்டு தடவை கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. மதிலுக்கு வெளியே கிழவிகள் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீ தினமும் பார்த்திருப்பாய். துரை போலீசை அழைத்தார். போன வருடம் ஜூலையில் இந்த ஊரில் மில் தொழிலாளிகளைச் சுட்டதை யாரும் மறக்கவில்லை, அதனால் இந்தத் தடவை துப்பாக்கி வரவில்லை, தடி வந்தது. எங்கிருந்தோ ஒரு கல் பறந்து ஒரு போலீஸ்காரன் மண்டை உடைந்தது. எறிந்தவள் அஞ்சலாட்சி என்று சொல்லித் தேடுகிறார்கள். உன் பகுதிக்காரிதானே, உனக்குத் தெரிந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. சமையல் செய்த கன்னியம்மாள் மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். பதிலாக ஒருத்தி வந்திருக்கிறாள். ரசம் வைக்கத் தெரியவில்லை. மற்றபடி சுத்தம்.

ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. அந்த ஊரில் கத்தோலிக்கக் கோயில் இல்லாமலா போகும்?

இப்படிக்கு, அக்கா ரோசா


கிளாஸ்கோ, 1937 மார்ச் 9

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி தனிஸ்லாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் சொன்னபடி முதலில் உடம்பு. எல்லாம் சுகம், மூக்கு மட்டும் என்னுடையதாக இல்லை. தடியான மேலங்கி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். அதில் என்னைப் பார்த்தால் நீங்களே கதவைத் திறக்கமாட்டீர்கள். தங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தடவவும்.

அஞ்சலாட்சியைத் தெரியும். கை தங்கம், வாய் தேள். நமக்கு வேண்டாத விஷயம், அக்கா. தெருவில் சத்தம் கேட்டால் சன்னல் பக்கம் போகாதீர்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் (கோயில் இருக்கிறது, அயர்லாந்துக்காரர் நிறையப் பேர் வருகிறார்கள்) பட்டறையில் தறி பூட்டும் மெக்லீன் என்ற கிழவர் என்னை ஓரிடத்துக்கு அழைத்துப் போனார். டிராம் முடியும் இடத்தில் இறங்கிச் சேற்று வழியில் நடந்தோம். இரண்டு பக்கமும் வெறும் வயல், நனைந்த மாடுகள். அந்த இடத்துக்கு ராப்ராய்ஸ்டன் என்று பெயர். ஒரு கல் சிலுவை நிற்கிறது. ‘இதற்காகவா இவ்வளவு தூரம்?’ என்று கேட்டேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார். கொட்டுகிற மழையில், அக்கா! இந்த ஊரில் மழையில் தொப்பியைக் கழற்றிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

அறுநூறு வருடங்களுக்கு முன்னால் வில்லியம் வாலஸ் என்று ஒரு வீரர் இருந்தார். ஸ்டெர்லிங் பாலத்தில் இங்கிலீஷ்காரரின் பெரும்படையை முறியடித்தவர். பிறகு தோற்றார், ஆனால் பணியவில்லை. பெரிய மனிதர்கள் எல்லோரும் இங்கிலாந்து ராஜாவுக்கு மண்டியிட்டுத் தங்கள் நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இவர் ஒருவர் மட்டும் ஒளிந்து திரிந்தார். கடைசியில் இந்த ராப்ராய்ஸ்டனில் வைத்துப் பிடித்தார்கள். லண்டனில் அவரைக் கொன்ற விதத்தை உங்களுக்கு எழுதமாட்டேன்.

பிடித்துக் கொடுத்தவன் இங்கிலீஷ்காரன் இல்லை. சொந்த நாட்டுக்காரன், மென்டீத் என்ற பிரபு. ராஜா கொடுத்த கோட்டை ஒன்று அவன் பொறுப்பில் இருந்தது. மேசையில் ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் ‘பிடிக்கலாம்’ என்று அடையாளமாம். அந்த வம்சத்தார் முன்னால் இன்றைக்கும் யாராவது ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் சண்டைதானாம். இது கதையா நடந்ததா என்று கிழவருக்கே தெரியவில்லை. ‘அவனுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். கோட்டை வைத்திருப்பவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?’ என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் துரோகியின் பெயரையும் இங்கே ஒரு கல்லில் வெட்டி வைக்க வேண்டும், போகிறவர் வருகிறவர் எல்லாம் துப்பிவிட்டுப் போகட்டும் என்று சொன்னேன். பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது. வாலஸ் கடைசியாகத் தண்ணீர் குடித்த இடம் என்கிறார்கள். நானும் இரண்டு கை அள்ளிக் குடித்தேன். பல் கூசியது, ஆனால் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தங்கள் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளவும்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி, தனிஸ்லாஸ்


புதுச்சேரி, 1937 ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம்.

வேப்பெண்ணெய் நாற்றம்தான் மிச்சம், வலி போகவில்லை. உன் மூக்குக்கு மிளகு போட்டுக் காய்ச்சிய பால் குடி. பால் அங்கே நல்லதாகவே கிடைக்கும்.

நீ இதுவரை எழுதிய கடிதங்களில் இதுதான் கடிதம். இரண்டு தடவை படித்தேன். அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றிய இடத்தில் நான் ஏன் கண்ணாடியைக் கழற்றினேன் என்று தெரியவில்லை. அவர் புரொட்டஸ்டன்டாக இருந்தாலும் என் வணக்கத்தைச் சொல்.

ரொட்டி விஷயம் எனக்குப் புதிதில்லை. நான் படித்த கன்னியர் மடத்தில் ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் விரல் முட்டியில் பிரம்படி விழும். தூக்குப் போடுகிறவனுக்கென்று ரொட்டிக்கடைக்காரன் ஒதுக்கி வைக்கும் ரொட்டிதான் கவிழ்ந்து கிடக்கும் என்பார் பெரிய தாயார். இங்கே புதிதாக வந்தவள் தினமும் கவிழ்த்துத்தான் வைக்கிறாள். ரொட்டியையே இப்போதுதான் கையால் தொடுகிறாளாம். உன் கடிதத்தைப் படித்துச் சொல்லி, இனி இப்படி வைக்காதே என்றேன். கேட்டுவிட்டுச் சொல்கிறாள், “கவுந்து கெடந்தா என்னாம்மா, ரொட்டி ரொட்டிதானே. காட்டிக் குடுக்கறவன் ரொட்டி இல்லாமயும் குடுப்பான்.”

வாய் அதிகம். ஆனால் வேலையில் குறை சொல்ல எனக்கே முடியவில்லை. எலி கடித்த கொசுவலையை எடுத்துக் கொடுத்தேன். இடது கை விரல்களுக்குள்ளேயே இரண்டு நுனியையும் திருப்பி முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் நறுக்கிவிடுகிறாள். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த முடிச்சு. வலையைத் தடவிப் பார்த்தால் முடிச்சு இருப்பதே விரலுக்குத் தெரியவில்லை. தையல் சொல்லிக் கொடுத்த கன்னியருக்குக்கூட இது வராது.

பிரிகாதியே உத்தியோகம் பார்க்கும் போலீஸ்காரன் சகாயநாதன் ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு வந்தான். “மதாம், கோச்சிக்காதீங்க. வூடு வூடா பாத்துக்கிட்டு வர்றோம். சந்தேகப்படறாப்ல யாராச்சும் இருக்காங்களா?” என்றான். “என் வீட்டுல சந்தேகப்பட வேண்டியது பால்காரன் ஊத்தற பால் ஒண்ணுதான்” என்றேன். இருட்டிய பிறகு ஒரு குடிமகளின் வீட்டு வாசற்படியைத் தாண்டப் பிரெஞ்சுச் சட்டம் போலீசுக்கு இடம் தரவில்லை என்பதையும் ஞாபகப்படுத்தினேன். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த உன் அத்தான் எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து சட்டம் ஒன்றுதான். சகாயநாதன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். மழை பெய்யவில்லை.

அந்த நாட்டு ஜனங்களிடமிருந்து நல்லதைக் கற்றுக்கொள்.

அக்கா ரோசா


கிளாஸ்கோ, 1937 ஏப்ரல் 28

அக்காவுக்கு,

சுகம். தாங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

கொசுவலை தைத்தவள் யார்? அந்த முடிச்சை வீட்டில் யாரும் கற்றுக்கொள்வதில்லை. நூல் கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்த நூலை நிறுத்தாமல் முடிகிற முடிச்சு அது. மில்லில் மட்டும்தான் போடுவார்கள். இடது கையால் போடுகிறவள் என் பகுதியில் ஒருத்திதான். உங்கள் கடிதத்தை மெக்லீன் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன், என் முகத்தைப் பார்த்து அவர் யார் இறந்துபோனார்கள் என்று கேட்டார்.

அவள் அங்கேயா இருக்கிறாள்? எத்தனை நாளாக? தெரிந்தேவா வைத்திருக்கிறீர்கள்?

அக்கா, நான் ஐம்பத்து நான்கு வயதுக்காரன். பதினாறு வயதில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அந்த மில்லுக்குள் போனவன். புதுத் தறிகளோடு திரும்பி வந்தால் நெசவுப் பகுதி முழுவதும் என் கைக்கு வரும் என்று துரை சொல்லியிருக்கிறார். இதுவரை எந்தத் தமிழனுக்கும் கிடைக்காத இடம். மேஸ்திரி வீட்டிலேயே குற்றவாளி இருந்தாள் என்று தெரிந்தால் நான் திரும்பி வந்து எங்கே நிற்பேன்?

அவளைப் போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களே சகாயநாதனைக் கூப்பிட்டு, இப்போதுதான் தெரிந்தது என்று ஒப்படைத்துவிடுங்கள். அது பாவமில்லை. அவள் கல்லெறிந்தது உண்மை, சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். என்மேல் பிரியமிருந்தால் செய்யுங்கள்.

தனிஸ்லாஸ்


புதுச்சேரி, 1937 மே 22

அன்புள்ள தனிஸ்லாசுக்கு,

நான் சுகம். நீ மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் பதில் ஒன்றே: ஆமாம். உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அடுப்பில் போட வேண்டிய கடிதத்தை எழுதக் கூடாது.

கலகம் நடந்த அன்று பிற்பகல் கொல்லைக் கதவைத் தட்டினாள். “மேஸ்திரி ஐயா வூடுதானே இது? போலீசு எல்லா வூட்லயும் பூரும், மேஸ்திரி வூட்ல பூராது” என்றாள். இதைவிடத் தெளிவான புத்தியை நான் இந்த ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கண்டதில்லை. கல்லை எறிந்தது நீயா என்று கேட்டேன். “செல்வாம்பாள போட்டு அடிச்சாங்கம்மா, ஆறு மாச வயித்துக்காரி. எறியாம என்னா பண்றது? குறி தப்பல” என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று அப்போதே உள்ளே விட்டேன்.

அவளுக்கு ஒரு குழந்தை இருந்தது. போன ஐப்பசியில் மதிலுக்கு வெளியே அது காய்ச்சலில் துவண்டு கிடந்தபோது அதன் பாட்டி கதவைத் தட்டித் தட்டி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வேலை நேரத்தில் வெளியே போக அனுமதிச் சீட்டில் கையெழுத்து வேண்டும். கையெழுத்து கிடைக்கவில்லை. சங்கு ஊதிய பிறகு போனாள். யாருடைய கையெழுத்து என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போகச் சொல்லமாட்டேன். ஒப்படைக்கமாட்டேன். அவள் இந்த வீட்டில் இருக்கிறாள், இருப்பாள். என்மேல் பிரியமிருந்தால் என்று எழுதியிருக்கிறாய். பிரியத்தை இப்படிப்பட்ட இடத்தில் கொண்டுவந்து வைக்காதே, அழுக்காகிவிடும்.

ராப்ராய்ஸ்டனில் நின்று ஒரு பிரபுவின் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னவன் என் தம்பி. அவன் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் எழுதட்டும். துரைக்கு இதைப் பற்றி எழுதிவிட்டாயா, எழுதப்போகிறாயா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று. விளக்கம் வேண்டாம்.

இரவில் காது மூடிப் படு. ஈரக்காற்று உனக்குச் சிறுவயதிலிருந்தே ஆகாது.

அக்கா ரோசா


கிளாஸ்கோ, 1937 ஜூன் 20

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடம்பு பரவாயில்லை. வயிறு கொஞ்சம் மந்தம். இங்கே இப்போது இருட்டுவதே இல்லை, இரவு உணவுக்குப் பிறகும் வெயில் காய்கிறது. தூக்கம் வருவதில்லை. புது ராஜாவின் முடிசூட்டுக்குக் கட்டிய தோரணங்களை இன்னும் சில தெருக்களில் அவிழ்க்கவில்லை, மழையில் சாயம் இறங்கித் தொங்குகின்றன.

தறிகள் நன்றாக வந்துகொண்டிருக்கின்றன. வார்ப்பு இரும்பு நம் ஊரில் காண முடியாத தரம். மெக்லீனுக்கு இருமல். அவர் மனைவி ஓட்ஸ் கஞ்சி கொடுத்தனுப்பினாள். உப்புப் போட்டுச் சாப்பிடுகிறார்கள், நம் நொய்க்கஞ்சி போலத்தான். முட்டைக்கோசும் நம் ஊரைவிடப் பெரிது.

தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மழைக்காலத்துக்கு முன் கூரை ஓடுகளை மாற்றிவிடவும்.

இப்படிக்குத் தம்பி


புதுச்சேரி, 1937 ஜூலை 16

தனிஸ்லாசுக்கு,

முழங்காலைக் கேட்டிருந்தாய். இந்த வாரம் அது நன்றாக உழைத்தது.

உன் கடிதம் புதன்கிழமை காலையில் வந்தது. முட்டைக்கோசு வரை எல்லாம் இருந்தது. நான் கேட்ட ஒன்று மட்டும் இல்லை. ‘இல்லை’ என்றால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். ஆகவே துரைக்குப் போன கடிதமும் இதே கப்பலில்தான் வந்திருக்கும், மில் ஆபீசில் பிரித்துப் படித்து மேலே கொண்டுபோக அவர்களுக்கு ஒரு பொழுதாவது ஆகும் என்று கணக்கிட்டேன். கண்ணாடியை மூடி வைத்துவிட்டு அஞ்சலாட்சியிடம், “புறப்படு” என்றேன்.

புஷ்வண்டிக்கார மண்ணாங்கட்டியை வரச் சொன்னேன். நிலைமையைச் சொன்னதும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். “மதாம், அதுக்கு ஒங்க கறுப்பு முக்காட்ட போட்டுவுட்டுடலாம், கோயிலுக்குப் போறாப்ல இருக்கும்” என்றான். வேண்டாம் என்றேன். என் வீட்டிலிருந்து போகிறவள் தன் முகத்தோடுதான் போவாள். “அப்ப நானு வேணா நடந்து வரேம்மா, நீங்க ஒக்காருங்க” என்றாள் அவள். அதுவும் வேண்டாம் என்றேன். ஒருவர் உட்காரும் இடத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பின்னாலிருந்து தள்ளுவது மண்ணாங்கட்டி வேலை, முன்னால் திருப்புகிற கைப்பிடி என்னிடம். உன் அத்தான் இறந்ததிலிருந்து கோயிலைத் தவிர எங்கும் போகாதவள், பட்டப்பகலில், நம் சாதிக்காரர் அத்தனை பேரும் வாசலில் நிற்க, மில்காரி ஒருத்தியை அணைத்து உட்கார வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். கோயில் முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் போகச் சொன்னேன்.

“என்னாம்மா எல்லாரும் இப்புடி பாக்கறாங்க” என்றாள். “நல்லா பாக்கட்டும். நீயும் பாரு” என்றேன்.

எல்லையில் இங்கிலீஷ்காரர் சுங்கச்சாவடிக் காவலாள் வண்டியை நிறுத்தினான். “என்னா மதாம் ஏத்திக்கிட்டுப் போறீங்க? சாராயம், சீமைத்துணி ஏதாச்சும்...” “மனுஷி. தீர்வை உண்டா?” என்றேன். சிரித்துவிட்டுக் கட்டையைத் தூக்கினான். அந்தப் பக்கம் பிரெஞ்சுப் போலீஸ் கால் வைக்க முடியாது. அவளை ஓர் ஊரில் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். எந்த ஊர் என்று உனக்கு எழுதமாட்டேன்.

மறுநாள் காலையில் துரையும் சகாயநாதனும் வந்தார்கள். வாசற்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்து, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். துரை கையில் உன் கடிதம். வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று பலகையில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான், தூரத்திலேயே தெரிந்தது.

“மதாம், அஞ்சலாட்சின்னு ஒருத்தி இங்க இருந்தாளா?”

“இருந்தா. அஞ்சு மாசம்.”

“அன்னைக்குக் கேட்டப்ப சொல்லலியே?”

“அன்னைக்கு இந்தப் பேர நீ கேக்கல. இன்னைக்குக் கேக்கற, சொல்றேன். நேத்து நான்தான் கூட்டிட்டுப் போய் எல்லைக்கு அந்தாண்ட விட்டேன். எழுதிக்க.”

எழுதினான். வாங்கிப் பார்த்துப் பிரெஞ்சில் இருந்த பிழைகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். துரை முகத்தில் இருந்த நிறத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் நெசவுப் பகுதி உனக்குக் கிடைக்கட்டும். பூசையில் உனக்காக வேண்டிக்கொள்வதை நிறுத்தவில்லை. கொஞ்சம் சத்தமாக வேண்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

ரோசா


கிளாஸ்கோ, 1937 ஆகஸ்ட் 12

அக்கா,

உடம்பைப் பற்றி எழுத மனமில்லை. எழுதினேன், அக்கா. உங்கள் கேள்வி வந்த அன்று துரைக்கு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தனியாக ராப்ராய்ஸ்டன் போனேன். மழை இல்லை. வயலில் ஒரு குடும்பம் புல் அறுத்துக்கொண்டிருந்தது. சிலுவை அன்று பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை, வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். கிணற்றுக்குப் போகவில்லை. யாரோ ஒரு பெண்மணி வந்து, வழி தெரியவில்லையா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

இன்னொன்று. துரை விமானத் தபாலில் ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறார். என் தமக்கைக்குக் கொஞ்ச காலமாகவே புத்தி சுவாதீனம் இல்லை, தான் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரியாது என்று தட்டச்சில் இருக்கிறது. அடியில் என் பெயர். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் உங்கள்மேல் வழக்கு இருக்காது, என் வேலையும் இருக்கும். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள ஒரு மதாம் கூண்டில் ஏறிப் பேசுவதை அவர் விரும்பவில்லை போலிருக்கிறது. உங்கள் வயதில் கோர்ட்டுக்கு அலைவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. காகிதம் மேசைமேல் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

தனிஸ்லாஸ்


புதுச்சேரி, 1937 செப்டம்பர் 6

தனிஸ்லாசுக்கு,

என் உடம்பும் சுகம், புத்தியும் சுகம். புத்திக்கு அத்தாட்சி வேண்டுமானால் உன் கடிதத்தில் நான்கு பிழைகள் இருக்கின்றன. பட்டியல் வேண்டுமா?

கோர்ட்டுக்கு அலைவேனே என்று கவலைப்படாதே. நான் போக விரும்புகிறேன். உன் அத்தான் முப்பது வருடம் உட்கார்ந்து மற்றவர்கள் சொன்னதை எழுதிய கூடத்தில், நான் சொல்வதையும் ஒருவன் எழுதட்டும். அந்தப் பெண்கள் எதற்காக வெளியே வந்தார்கள் என்பதைத் துரை கேட்க, நீதிபதி கேட்க, நல்ல பிரெஞ்சில் சொல்வேன். அதைச் சொல்லவிடாமல் செய்யத்தான் அந்தக் காகிதம்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். சொல்லமாட்டேன். போன தடவை ‘உண்டு, இல்லை’ என்று எழுதச் சொன்னேன், என்ன நடந்தது? பேனா உன் கையில் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதத்தையும் கோர்ட்டில் நானே உரக்கப் படிப்பேன், கீழே இருக்கும் பெயர் வரைக்கும். அதை மட்டும் தெரிந்துகொள்.

ரோசா


கிளாஸ்கோ, 1937 அக்டோபர் 2

அக்காவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. அந்தக் காகிதத்திலேயே, என் தமக்கை எங்கள் குடும்பத்தில் புத்தி மிகவும் தெளிவாக உள்ளவர் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மில்லிலிருந்து என்னை நீக்கிவிட்டதாகத் தந்தி வந்தது. திரும்புகிற கப்பல் சீட்டையும் ரத்து செய்துவிட்டார்கள். தறிகள் போகும், நான் போகமாட்டேன்.

மெக்லீன் பட்டறையில் கேட்டு எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். எண்ணெய் போடுகிற வேலை. பதினாறு வயதில் எடுத்த கிண்ணத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். கப்பல் சீட்டுக்குப் பணம் சேரும் வரை இங்கே இருப்பேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் கேட்க முடியுமா என்று மட்டும் தெரிய வேண்டும்.

தம்பி


இயேசு மரி சூசை துணை

புதுச்சேரி, 1937 அக்டோபர் 30

அன்புள்ள தம்பி தனிஸ்லாசுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

முழங்காலுக்குக் கோர்ட்டுப் படிகள் ஒத்துக்கொள்கின்றன. நீதிபதி முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மதில், கதவு, பால், காய்ச்சலில் போன குழந்தை, எதையும் விடவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கூடத்தின் பின்பக்கம் மில் பெண்கள் நெருக்கி நின்றார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு புரியாது என்பதால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழிலும் சொன்னேன். துரையின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். அவர் உட்காரும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வயதைக் கருதி எச்சரித்து விட்டுவிடுவதாக நீதிபதி சொன்னார். வயதைக் கருத வேண்டாம் என்றேன். எழுத்தர் அதை எழுதாமல் விட்டார், எழுதச் சொன்னேன்.

மில்லில் இப்போது பகலில் ஒரு தடவை கதவைத் திறக்கிறார்கள். இரண்டு கேட்டவர்கள் ஒன்றோடு நிற்கப்போவதில்லை. செல்வாம்பாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள், இடுப்பில் குழந்தையோடு.

அஞ்சலாட்சிமேல் உள்ள வழக்கு அப்படியே இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் அவள் வர முடியாது, அதனால் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சின்னப்பாப்பா என்று ஓர் அத்தை வீட்டில் இருந்துகொண்டு கைத்தறிக்கு நூல் சுற்றுகிறாள். இந்தக் கடிதத்திலும் ஊர்ப் பெயரை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

துரைக்கு எழுதியது நீ என்று அவளிடம் சொன்னேன். இரண்டாவது காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்ததையும், வேலை போனதையும், மன்னிப்புக் கேட்க முடியுமா என்று நீ எழுதியதையும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டாள். ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது. கதிர் நிறைந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, “அப்ப அந்தக் குளிர்ல சோத்துக்கு என்னா பண்றாரு?” என்றாள்.

அவள் மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே. அவள் கேட்டது சோற்றைப் பற்றி மட்டும்தான். அதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. கொண்டுபோய்ச் சொல்கிறேன்.

அக்கா ரோசா